என் டூல் பாக்ஸும் மார்லிஸின் வாரண்டியும்

வீடு வாங்கிய அன்றே நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்த வீட்டில் எந்த ஸ்க்ரூ கழன்றாலும் அதைத் திருகப் போவது என் கைதான். வெளியாள் கை படவே கூடாது. சமையலறை நடுவில் நின்று, ஸ்பேனரை உயர்த்திப் பிடித்து, சத்தமாகத்தான் சொன்னேன். என் மனைவி மார்லிஸ் அட்டைப்பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "சரிங்க, கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க, தட்டு மேல இடிச்சுடப் போறீங்க" என்றாள். என் சபதத்துக்கு அவள் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

என் நிலைமையையும் நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். ஐம்பத்தெட்டு வயது வரை மினசோட்டாவில் வாடகை வீட்டில் இருந்தவன் நான். குழாய் ஒழுகினால் வீட்டுக்காரர் வருவார். பாய்லர் நின்றால் வீட்டுக்காரர் வருவார். சுவரில் ஒரு ஆணி அடிக்கவேண்டுமென்றால்கூட அவர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டும். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காபி குடிக்கும்போது ஒவ்வொருத்தனும் அளப்பான். நான் கூரையை மாற்றினேன், நான் தரையைப் பெயர்த்தேன், நான் பாய்லரைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டினேன். நான் மட்டும் காபியைக் கலக்கிக்கொண்டே இருப்பேன். அந்த ஏக்கத்தில் வருஷத்துக்கு ஒரு கருவியாக வாங்கிச் சேர்த்தேன். சிவப்பு டூல் பாக்ஸ், மூன்று அடுக்கு. உள்ளே இருக்கும் எதிலும் ஒரு கீறல் கிடையாது. உபயோகித்தால்தானே கீறல் விழும்.

மார்லிஸின் முட்டிக்கு மினசோட்டாப் பனி ஆகவில்லை. பென்ஷன் வந்ததும் அரிஸோனாவுக்குக் குடிவந்தோம். மேஸா என்ற ஊரில் ஒரு சின்ன வீடு. சாவியைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஒழுகினாலும் என் குழாய், உடைந்தாலும் என் ஜன்னல். அன்று சாயங்காலம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். தெருவில் போய் நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கூரை மேல் பனி இருக்கும். இங்கே தட்டையான கூரை, அதன் மேல் மெஷின் இருந்தது. பெரிசாக ஒரு தகரப் பெட்டி, சின்னதாக ஒரு தகரப் பெட்டி. எது எதற்கென்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன, இரண்டும் என்னுடையது. வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றேன். இருட்டிவிட்டது, உள்ளே வாருங்கள் என்று மார்லிஸ் வந்து கூட்டிப் போனாள்.

வீட்டு புரோக்கர் அம்மா ஒரு பரிசுக் கூடை கொடுத்திருந்தார். அதில் ஒரு வைன் பாட்டில், ஒரு குட்டிக் கள்ளிச்செடி, ஒரு வருஷத்துக்கு வீட்டு வாரண்டி. வைனை நான் எடுத்துக்கொண்டேன். வாரண்டிக் காகிதத்தைக் கள்ளிச்செடித் தொட்டிக்கு அடியில் வைத்தேன். மேஜையில் ஈரம் படாமல் இருக்க அது நல்ல கெட்டிக் காகிதம்.

மார்லிஸ் தொட்டியைத் தூக்கிவிட்டு அதைப் படித்தாள். நான்கு நாளாகப் படித்தாள். சுருக்கமாக எனக்கும் சொன்னாள். வீட்டோடு வந்த ஏசி, வெந்நீர் டேங்க், பாத்திரம் கழுவும் மெஷின் இதெல்லாம் ஓடி ஓடித் தேய்ந்து கெட்டுப்போனால் நாம் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணவேண்டுமாம். அவர்களே ஆள் அனுப்புவார்கள். ஆள் வந்து போவதற்கு ஒரு சின்னக் கட்டணம். சரிபண்ண முடிந்தால் சரிபண்ணுவார்கள், முடியாவிட்டால் புதுசே வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் ஆள் வருவதற்கு முன்னால் வேறு யார் கையாவது உள்ளே போயிருந்தால் ஒன்றும் கிடையாது, கைவிரித்துவிடுவார்கள்.

நான் சிரித்தேன். வாடகை வீட்டுக்காரரிடமிருந்து தப்பி வந்து இன்னொரு வீட்டுக்காரரிடம் மாட்டுவதா என்று கேட்டேன்.

ஏப்ரலில் பாத்திரம் கழுவும் மெஷின் நின்றது. மார்லிஸ் போனை எடுத்துக் கம்பெனிக்காரர்களுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மெஷினின் அடித்தகட்டைக் கழற்றிவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாகச் சொந்த ஸ்க்ரூடிரைவர், சொந்த ஸ்க்ரூ. அந்த சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கழற்றியது முப்பது சாமான் இருக்கும். திருப்பி மாட்டியபோது இரண்டு மிச்சம் இருந்தது. மறுநாள் வந்த மெக்கானிக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற மெஷினுக்கு என் பெயர்தான்.

மார்லிஸ் கத்தவில்லை. அவள் கத்துகிற ரகம் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி அந்த வாரண்டிக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

ஜூலையில் ஏசி நின்றது.

மேஸாவில் ஜூலை என்றால் என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியே நூற்றிப் பதினைந்து டிகிரி. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். கார் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். எங்கள் சோபா கூடச் சுட்டது. மார்லிஸ் ஒரு வாளியில் ஐஸ்கட்டி போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு டூல் பாக்ஸைத் தூக்கினேன்.

"மார்லிஸ், நான் பார்க்கறேன்."

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"பாருங்களேன்" என்றாள்.

"என்ன சொன்னே?"

"பாருங்கன்னேன். ஆசைப்படறீங்க, பாருங்க. ஆனா ஒரு பந்தயம். நீங்க சரிபண்ணிட்டா இனிமே இந்த வீட்டுல ரிப்பேர் எல்லாம் உங்க பொறுப்பு, நான் வாயே தொறக்க மாட்டேன். பண்ணலைன்னா அந்தச் சிவப்புப் பெட்டி சர்ச் ஏலத்துக்குப் போயிடும்."

ஒரு பக்கம் பெட்டி போய்விடுமோ என்ற பயம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷம் கழித்து இவள் என்னை நம்புகிறாளே என்ற பூரிப்பு. சரி என்று கையைக் கொடுத்தேன். ஐஸ் வாளியில் நனைந்த கையைக் கொடுத்தாள், சில்லென்று இருந்தது.

ஏணி வரைக்கும் அவளே குடையோடு கூட வந்தாள். கீழே நின்று விரலை நீட்டிக் காட்டினாள். "அதோ, பெருசா இருக்கே, அதுதான் ஏசி. பக்கத்துல சின்னதா இருக்கறது ஏதோ பழைய மோட்டாராம், அதைத் தொடாதீங்க" என்றாள். மெயின் சுவிட்சை அவளே அணைத்துவிட்டதாகவும் சொன்னாள். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

விடிந்ததும் மேலே ஏறுவேன். வெயில் கடிக்க ஆரம்பித்ததும் இறங்குவேன். முதல் நாள் பெரிய பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கத்தை கத்தையாக வைக்கோல்.

ஏசிக்குள் வைக்கோலா? கூரை ஓரத்துக்கு வந்து கீழே குனிந்து மார்லிஸைக் கேட்டேன்.

"பறவை கூடு கட்டியிருக்கும்" என்றாள், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"நாலு பக்கமும் சதுரமா கட்டியிருக்கே?"

"அரிஸோனாப் பறவைங்க. நமக்கு என்ன தெரியும்?"

நியாயம்தான். இந்த ஊரில் எல்லாமே எனக்குப் புதுசு. முதுகைத் தட்டிக் கொடுக்க ஆள் இல்லாததால் நானே என்னைப் பாராட்டிக்கொண்டு கூட்டை எல்லாம் வாரி வெளியே போட்டேன். அடியில் ஒரு தொட்டி இருந்தது. அதற்குள் ஒரு சின்னத் தண்ணீர்க் குழாய் வந்து நின்றது. ஏசிக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். "பாலைவனமாச்சே, அதுக்கும் தாகம் எடுக்கும்ல" என்றாள். அதையும் நம்பினேன். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் இப்போதே சிரிக்கிறீர்கள், தெரிகிறது. வீட்டில் ஏர்கூலர் வைத்திருந்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். மினசோட்டாவில் ஏர்கூலரை யார் கண்டார்கள்? அங்கே வீட்டுக்குள் காற்று வராமல் அடைப்பதற்குத்தான் மெஷின் வேண்டும்.

பக்கத்து வீட்டு ஒச்சோவா மதில் மேல் கையை ஊன்றி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயரானவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வைக்கோல் காற்றில் பறந்து அவர் தலையில் விழுந்தது. என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் மார்லிஸ் ஒரு பெரிய கிண்ணத்தில் பழத்துண்டு போட்ட குளிர்ந்த ஜெல்லி சாலட்டை அவர் கையில் வைத்தாள். ஒச்சோவா வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் வாயைத் திறந்தார், மறுநாளும் ஜெல்லி வந்தது. என்ன அன்பான அண்டை வீட்டுக்காரர்கள் என்று எனக்குக் கண் கலங்கியது.

இடையில் ஒரு நாள் ஹார்டுவேர் கடைக்குப் போய் வெகுநேரம் இருந்தேன். எந்த ஸ்க்ரூ எடுத்தாலும் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வந்தபோது மார்லிஸ் முகத்தில் ஒரு தெளிவு. உள்ளே மோட்டாரைச் சுற்றும் பெல்ட் பிய்ந்திருக்கிறது என்று சொன்னேன். அதை விசாரித்துவிட்டேன் என்றாள். மேஸாவில் எங்கும் கிடையாதாம். ட்யூசானில் ஒரு கடையில் மட்டும் இருக்கிறதாம். காரில் போக வர ஒரு பகல் ஓடிவிடும். துணைக்கு ஒச்சோவாவையும் கூட்டிப் போங்கள், வழியில் பேச்சுத்துணையாக இருக்கும் என்று அவளே ஏற்பாடும் செய்துவிட்டாள். ஒச்சோவா வழி முழுக்கப் பேசினார். பஸ்ஸைப் பற்றிப் பேசினார், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், ஏசியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெல்லி டப்பா மடியில் இருந்தது.

சாயங்காலம் பெல்ட்டோடு வந்து நேராக ஏணியில் ஏறினேன். மார்லிஸ் கீழிருந்து ஒரு எச்சரிக்கை சொன்னாள். பின்பக்கம் அரளி வேலிக்கு அந்தண்டை போய்விடக் கூடாதாம், அங்கே தேள் குடித்தனம் நடத்துகிறதாம், கண்ணால் பார்த்தாளாம். எனக்குத் தேள் என்றால் அலர்ஜி. அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

பெல்ட்டை மாட்டினேன். கடைசி ஸ்க்ரூவைத் திருகினேன். சூரியன் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வானம் பூரா மாம்பழ நிறம். கூரை ஓரத்தில் நின்று, "போடு மார்லிஸ் சுவிட்சை" என்றேன்.

ஏணியில் இறங்கி ஹாலுக்கு ஓடினேன். சுவரில் இருந்த துவாரத்திலிருந்து காற்று வந்தது. குளிர்ந்த காற்று. என் முகத்தில் பட்டது, கழுத்தில் பட்டது, வேர்வை எல்லாம் சில்லிட்டது. நான் அப்படியே துவாரத்துக்கு நேரே கைகூப்பி நின்றுவிட்டேன். இந்தக் கையா செய்தது? காபியைக் கலக்குவதைத் தவிர எதற்கும் உதவாது என்றிருந்த இந்தக் கையா? உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள் மார்லிஸ். அவள் கண்ணிலும் ஏதோ பளபளப்பு. பாசம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையே மாறிவிட்டது. மார்லிஸ் பந்தய வாக்கைக் காப்பாற்றினாள். ஒவ்வொரு வாரமும் எனக்கு வேலை வைத்தாள். டோஸ்டர் ஓடவில்லை, பாருங்கள் என்பாள். மேஜை விளக்கு எரியவில்லை, பாருங்கள் என்பாள். ரேடியோ, மிக்சி, கடிகாரம், முடி உலர்த்தும் மெஷின். எங்கள் வீட்டில் இத்தனை சாமான் இருந்ததே எனக்குத் தெரியாது. நானும் விடாமல் பிரித்தேன். சிலது ஓடியது, சிலது புகைந்தது, எதற்கும் மார்லிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. வெந்நீர் டேங்க், அடுப்பு, ஏசி, இந்தப் பெரிய பெரிய சாமான்கள் மட்டும் ஒரு முனகல் இல்லாமல் ஓடின. வீட்டில் நான் இருக்கிறேன் என்ற பயம் அதுகளுக்கு என்று ஒச்சோவாவிடம் பெருமையடித்தேன். அவர் இருமினார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை. ஒச்சோவா வீட்டு முன்னால் பழைய சாமான்களை மேஜையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் சனிக்கிழமையானால் யாராவது ஒருத்தர் இப்படிக் கடை விரிப்பார்கள். நான் சும்மா ஒரு நடை போய்விட்டு அவர் பிக்கப் வண்டிக்குப் பின்பக்கமாக வந்தேன். மார்லிஸ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேஜை முன்னால் நின்றாள். கையில் ஒரு ஃபேன்.

"இது ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடும்மா, சூப்பரா ஓடும்" என்றார் ஒச்சோவா.

"அப்ப வேண்டாம். ஓடாதது ஏதாவது இருக்கா?"

"ஒரு காபி மெஷின் இருக்கு. சுத்தமா ஓடாது."

"நிச்சயமா ஓடாதே? போன தடவ அந்த டோஸ்டர் அவர் ஒரு தட்டு தட்டினதுமே ஓடிடுச்சு. ரெண்டே நிமிஷம். அப்புறம் ரெண்டு நாள் வேலை இல்லாம என் பின்னாலயே சுத்தினார்."

நான் வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அவள் காபி மெஷினோடு போகும் வரை காத்திருந்து வெளியே வந்தேன். ஒச்சோவா என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சில்லறையைக் கீழே போட்டுவிட்டார். நல்ல மனுஷன், பொய் வராது. அன்றைக்கு ஜெல்லியும் கையில் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அந்தப் பெரிய பெட்டி ஏசியே இல்ல தம்பி. அது பழைய காலத்துக் கூலர். வைக்கோல்ல தண்ணி விட்டு காத்தடிக்கும். ஏசி வந்ததும் அதோட கரண்டு, தண்ணி எல்லாத்தையும் அறுத்து விட்டுட்டாங்க, எறக்க கூலி யார் குடுக்கறதுன்னு மேலயே விட்டுட்டாங்க. இந்தத் தெருவுல பாதி வீட்டுல அப்படித்தான்."

"அப்ப ஏசி?"

"அந்தச் சின்னப் பெட்டிதான். நீங்க ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தப்ப ஒரு கம்பெனி வேன் வந்து நின்னுச்சு. நான் ஒண்ணும் கேட்டுக்கல, எனக்கு எதுக்கு வம்பு."

இப்போது எல்லாம் விளங்கியது. என்னைக் கூலரில் இறக்கிவிட்டு, ஏசியில் என் கை படாமல் காப்பாற்றி, வாரண்டி ஆளை வரவழைத்து வேலையை முடித்திருக்கிறாள். கூலர் வாரண்டியில் கிடையாது, அதனால் அதில் நான் எதைப் பிய்த்தாலும் நஷ்டமில்லை. நான் அவமானத்தில் வெந்தேன். அதோடு சேர்த்து, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரமித்தும் போனேன். நான்கு நாள் ஒரு காகிதத்தைப் படித்து ஒரு மனுஷி இவ்வளவு யோசிப்பாளா? ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. பந்தயத்தில் நான் ஜெயிக்கவே இல்லை. இப்போது கேட்டால் பெட்டி சர்ச் ஏலத்துக்குப் போகும். கேட்காமல் விட்டால் ஆயுசு முழுக்க ஓடாத டோஸ்டர்.

ஒரே வழிதான். நிஜ ஏசியில் கை வைக்கவேண்டும். பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, முன்னைவிட நன்றாக ஓடவைத்துவிட்டு, அதற்கப்புறம் மார்லிஸ் முகத்துக்கு நேரே நின்று சொல்லவேண்டும். வாரண்டியாவது ஒன்றாவது.

புதன்கிழமை காலை மார்லிஸ் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். கார் தெருமுனை திரும்பியதும் நான் ஏணியில் இருந்தேன். சின்னப் பெட்டி அப்போது ஓடவில்லை. வீடு போதுமான அளவு குளிர்ந்திருக்கும், அதனால் ஓய்வெடுக்கிறது என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று என்று தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே வைக்கோல் இல்லை. செப்புக் குழாய்கள், கம்பிகள், ஒரு கறுப்பு உருளை. முதல் முறையாக நிஜமான மெஷினைப் பார்த்தேன். கோயிலுக்குள் காலெடுத்து வைத்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அழுக்கைத் துடைத்தேன். ஒரு நட்டைக் கொஞ்சம் இறுக்கலாம் என்று ஸ்பேனரைப் போட்டேன். இறுகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

படக்.

செப்புக் குழாய் இரண்டாக ஒடிந்து ஒரு துண்டு என் கையில் வந்துவிட்டது. உஸ்ஸென்று வாயு பீறிடும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. பாவம், முனகக்கூடத் தெம்பில்லாமல் செத்துவிட்டது.

கூரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆகஸ்ட் மாதம். ஏசி போயிற்று. என் கை பட்டதால் வாரண்டியும் போயிற்று. அந்த மெக்கானிக் மறுபடி வந்து குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். புது ஏசி வாங்குவதென்றால் எங்கள் இரண்டு பேர் பென்ஷனும் அதற்கே சரியாகிவிடும். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று உறைத்தது. வேர்த்து விறுவிறுத்து நின்ற வீட்டில், எனக்கும் மனசு நோகாமல், வீடும் குளிரும்படி ஒருத்தி இவ்வளவு பாடுபட்டாள். அதை ஒரு ஸ்பேனர் திருகில் நான் உடைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

மார்லிஸ் வந்தபோது நான் ஹாலில் நின்றிருந்தேன். டூல் பாக்ஸைத் தூக்கி அவள் காலடியில் வைத்தேன். அதன் மேல் ஒடிந்த குழாயையும் வைத்தேன். வீடு இன்னும் குளிராகத்தான் இருந்தது. மிச்சமிருக்கும் குளிர், இன்னும் அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்குப் பின்னால் நின்றது, கூலர் என்று தெரிந்தது, சின்னப் பெட்டியில் கை வைத்தது, எல்லாம்.

"பெட்டிய ஏலத்துக்குக் குடுத்துடு. நான் இனிமே ஒரு பல்பு கூட மாத்த மாட்டேன். நம்ம ஏசிய நானே கொன்னுட்டேன் மார்லிஸ், வாரண்டியும் கிடைக்காது" என்றேன்.

அவள் ஒடிந்த குழாயை எடுத்துப் பார்த்தாள். பையைக் கழற்றி மாட்டினாள். டூல் பாக்ஸைக் காலால் மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நம்ம ஏசிய ஒண்ணும் பண்ணல. அது ஓடிட்டுத்தான் இருக்கு, காத்து வரல?"

துவாரத்துக்கு நேரே கையைக் காட்டினேன். வந்தது. சில்லென்று வந்தது.

"மேல இருந்தத சரிபண்ண முடியாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. புதுசே குடுத்தாங்க. நீங்க ட்யூசான் போன அன்னிக்குத்தான் வந்து வச்சாங்க. பின்னாடி அரளி வேலிக்குப் பின்னால தரையில நிக்குது."

"அப்ப தேளு?"

"தேளும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஐம்பத்தெட்டு வயதில் மனுஷனுக்கு இப்படி ஒரு பிரமிப்பு வரக்கூடாது, நெஞ்சு தாங்காது. ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

"புதுசு வச்சவங்க அந்தச் சின்னப் பெட்டிய ஏன் எறக்காம விட்டுட்டுப் போனாங்க?"

மார்லிஸ் முதல் முறையாகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

"நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன். உங்களுக்கு அடுத்த கோடைக்கு ஆகும்னு பத்திரமா வச்சிருந்தேன், அதுக்குள்ள பிரிச்சுட்டீங்களே."